விழுங்கிய வலிக்கு ஏன் கைதட்டுகிறோம்?

2015ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று இரண்டாம் திருப்பலியில் கோயிலின் பின்வரிசைகள் வெறுமையாய்க் கிடந்தன. இளைஞர் ஒருவரையும் காணோம். பெரியவர்கள் சிலரும் நற்கருணை வாங்கிய கையோடு வாசற்பக்கம் நழுவினர். காரணம் கேட்கத் தேவையிருக்கவில்லை. அடிலெய்டு நகரில் உலகக் கோப்பைக் கிரிக்கெட் ஆட்டம். இந்தியாவும் பாகிஸ்தானும் மோதுகின்றன. ஆண்டவரின் நாளும் ஆட்டக்காரரின் நாளும் ஒன்றாய் வந்தால் யார் தோற்பார் என்பது பங்குக் குருக்கள் அனைவருக்கும் தெரிந்த கணக்கு. அதைப் பற்றிப் புலம்ப இக்கட்டுரையை எழுதவில்லை.

திருப்பலி முடிந்து, நோயாளி ஒருவரைக் காண மேல்சித்தாமூர் சென்றேன். செஞ்சிக் கோட்டைப் பக்கத்தில் இருக்கும் இவ்வூரைத் தமிழ்ச் சமணர்களின் மடமும் பார்சுவநாதர் கோயிலும் இருக்கும் ஊர் என்று வெளியார் அறிவர். எங்களுக்கோ மல்லாட்டைக் காடும், நெல்வயலும், சற்றுத் தள்ளிக் கல் உடைக்கும் குவாரிகளும் உள்ள ஊர்ப்பக்கம். திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் பெருங்கூட்டம். தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து ஒரு குரல் வந்தது. கனத்த குரல், இந்திமொழி. மொழி புரியாதவர்க்கும் குரல் தெரிந்தது. அமிதாப் பச்சன் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் அலைவரிசையில் கபில் தேவ், சோயப் அக்தர் ஆகியோருடன் அமர்ந்து நேர்முக வருணனை செய்துகொண்டிருந்தார். வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வருணனையைக் கேட்டு வளர்ந்த என்னைப் போன்றோர்க்கு, நடிகர் ஒருவர் வருணனையாளராய் வந்தது விந்தையாகவே இருந்தது. விந்தைக்குக் காரணம் வணிகம்தான். பால்கி இயக்கி, நம் தனுஷும் அவரும் நடித்த 'ஷமிதாப்' திரைப்படம் ஒன்பது நாள்களுக்கு முன்புதான் வெளிவந்திருந்தது. பேச இயலாத இளைஞன் ஒருவனுக்கு முதியவர் ஒருவர் தம் குரலை இரவல் தருவது அப்படத்தின் கதை. அந்தக் குரலே அன்று விளையாட்டுக்கும் இரவல் வந்திருந்தது.

கோலி 107 ஓட்டங்கள் எடுத்தார், ரெய்னா 74 எடுத்தார், இந்தியா 76 ஓட்டங்களில் வென்றது. அவையெல்லாம் மாலைச் செய்தி. என் மனத்தில் நின்றது அக்கடையில் நடந்த பேச்சு. இரண்டு திங்களுக்கு முன், 2014 டிசம்பரில், மும்பையில் காசநோய் விழிப்புணர்வு நிகழ்ச்சி ஒன்றில் அந்நடிகர் ஒரு செய்தியை வெளியிட்டிருந்தார். 2000ஆம் ஆண்டு 'கோன் பனேகா குரோர்பதி' நிகழ்ச்சியைத் தொடங்கிய காலத்திலேயே தமக்கு முதுகெலும்பில் காசநோய் இருந்தது தெரியவந்ததாம். உட்காரவும் முடியாத, படுக்கவும் முடியாத வலியாம். நாளொன்றுக்கு எட்டுப் பத்து வலிநிவாரண மாத்திரைகளை விழுங்கிவிட்டு நிகழ்ச்சியை நடத்தினாராம். நாட்டுமக்கள் எவரும் அறியவில்லை. அந்நிகழ்ச்சியில் போட்டியாளரின் இருக்கையைத்தான் சூடான இருக்கை என்று அழைப்பர். உண்மையில் சுட்டது கேள்வி கேட்டவரின் இருக்கை.

"ஆம்பளைன்னா இவருதான்யா" என்றார் கடையில் ஒருவர். எல்லாரும் தலையசைத்தனர். நானும் அசைத்தேன். அசைத்ததோடு நிற்கவில்லை. அடுத்துவந்த தவக்காலத்தில் இளைஞர் கூட்டத்தில் இதையே எடுத்துக்காட்டாகச் சொன்னேன். நோயை வெளிக்காட்டாது கடமையை ஆற்றிய மனிதர் என்றும், சிறு தலைவலிக்கே வேலைக்குப் போகாதவர்கள் அவரிடம் கற்க வேண்டும் என்றும் குரலை உயர்த்திப் பேசினேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்காகத்தான் இன்று வாதாட வந்திருக்கிறேன், அதற்கு எதிராக.

முதலில் அவர் கதையை முழுமையாகப் பார்ப்போம். பாதியைச் சொல்லிப் புகழ்வது நம் பழைய வழக்கம்.

1982 ஜூலை 26 அன்று, பெங்களூரில் 'கூலி' படப்பிடிப்பில் அவருக்கு வயிற்றில் பலத்த அடிபட்டது. உயிர் காக்க அவசரமாக இரத்தம் ஏற்றினர். ஏறத்தாழ 200 பேர் கொடுத்த 60 புட்டி இரத்தம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதில் ஒருவரின் இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருந்தது. பல்லாண்டுகள் கழித்தே அது தெரிந்தது. அதற்குள் கல்லீரலின் முக்கால் பங்கு அழிந்துவிட்டது. இதை 2015 நவம்பரில் பொதுமேடையில் எடுத்துரைத்தார். அதாவது, அந்த பிப்ரவரி ஞாயிறன்று மேல்சித்தாமூர்த் தேநீர்க் கடையில் ஒலித்த கம்பீரக் குரலுக்கு உரியவர், கால் பங்குக் கல்லீரலோடு வாழ்ந்துகொண்டிருந்தார். காசநோய் குணமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

இப்போது கதையின் மறுபாதி. 2000ஆம் ஆண்டில் அவர் ஏன் தம் நோயைச் சொல்லவில்லை? நம் கூட்டங்களில் எவரும் கேட்காத கேள்வி இது. அவர் தொடங்கிய ஏ.பி.சி.எல். நிறுவனம் நொடித்துப் போயிருந்தது. 1996இல் பெங்களூரில் உலக அழகிப் போட்டியை நடத்திய அதே நிறுவனம். ஏறத்தாழ 90 கோடி ரூபாய்க் கடன் இருந்ததாகவும், கடன் கொடுத்தோர் வாசலில் வந்து நின்றதாகவும் பின்னாளில் அவரே கூறியுள்ளார். திரைப்பட வாய்ப்புகளும் வற்றியிருந்த வேளையில் கிடைத்தது அத்தொலைக்காட்சி வேலை. 'எனக்கு முதுகெலும்பில் காசநோய், ஓராண்டு ஓய்வு வேண்டும்' என்று அன்று அவர் சொல்லியிருந்தால் அந்த இருக்கையில் வேறொருவர் அமர்ந்திருப்பார்.

இதை அவரைக் குறைகூறச் சொல்லவில்லை. கடன்பட்ட மனிதனின் நெஞ்சத்தை நம் மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீரம் என்று நாம் பெயரிட்டது பெரும்பகுதி நெருக்கடி என்பதே நான் சொல்ல வருவது. வாய் திறந்தால் பிழைப்புப் போகும் என்ற அச்சத்தில் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாம் கீழே அமர்ந்து கைதட்டுகிறோம். அவருடைய வலியால் ஆதாயம் அடைந்தவர் யார், அவரை ஓய்வெடுக்க விடாதது எது என்று கேட்பதில்லை. புகழ்ச்சி எவ்வளவு வசதியான கருவி, பாருங்கள்! புகழ்ந்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை.

என் தவக்காலப் பேச்சின் பலன் எனக்கு 2016ஆம் ஆண்டு மழைக்காலத்தில் கிடைத்தது. குவாரியில் ஜல்லி உடைக்கும் தொழிலாளி ஒருவர்; அந்த இளைஞர் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்து கேட்டவர். அவருடைய மனைவி ஓடிவந்து அழைக்க, போய்ப் பார்த்தேன். கயிற்றுக் கட்டிலில் துணியைப் போர்த்திக் கிடந்தார். இருமலில் இரத்தம். ஆறு மாதம் முன்பே காசநோய் என்று கண்டறிந்து, அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாக மருந்து தந்திருக்கிறார்கள். இரண்டு மாதம் ஒழுங்காய் உண்டிருக்கிறார். காய்ச்சல் விட்டது, எடை கூடியது. ஆனால் வெறும் வயிற்றில் மருந்து குமட்டியது, வேலைக்குப் போக முடியவில்லை. சிறுநீர் செம்மஞ்சளாய்ப் போனது வேறு அவரை அச்சுறுத்தியிருக்கிறது. அது மருந்தின் நிறம்தான், அஞ்ச வேண்டாம் என்று எடுத்துச் சொல்ல அருகில் ஆள் இல்லை. குவாரியில் வாங்கிய முன்பணம் கழியாமல் நின்றது. மருந்தை நிறுத்திவிட்டார். மருந்துக் கடையில் வலிக்கும் இருமலுக்கும் ஏதேதோ வாங்கி விழுங்கிவிட்டுக் கல் உடைக்கப் போயிருக்கிறார்.

"ஏம்ப்பா இப்படிச் செஞ்ச? யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

"சாமி, நீங்கதான சொன்னீங்க. அந்தப் பெரிய ஆளு முதுகுல நோவை வச்சிக்கினு, யாருக்கும் சொல்லாம, எட்டு மாத்திரை போட்டுக்கினு வேலை பார்த்தாருன்னு. நானும் போட்டுக்கினுதான் சாமி போனேன்."

கட்டிலின் அருகே நின்ற எனக்கு நாக்கு எழவில்லை. நான் மேடையில் விட்டெறிந்த வீரக்கதை ஒரு மனிதரின் நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. வலியை மறைக்கும் மாத்திரை ஒன்று, நோயைக் கொல்லும் மாத்திரை வேறொன்று. அந்த நடிகர் இரண்டையுமே உட்கொண்டார், மருத்துவர்கள் உடனிருந்தனர், முழுக்காலமும் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார். அதையும் அவர் அதே மும்பை நிகழ்ச்சியில் சொன்னார். காசநோய் தீர்க்கக்கூடிய நோய், பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள் என்பதற்காகத்தான் வாயே திறந்தார். நானோ அவர் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சொல்லாமல் இருந்ததை எடுத்துக்கொண்டு போதித்தேன். இன்னொன்றையும் நான் சொல்லவில்லை. முதுகெலும்பில் வரும் காசநோய் பொதுவாகப் பிறருக்குத் தொற்றாது. நுரையீரலில் வருவது இருமலில் பரவும். அவர் மறைத்ததால் எதிரில் இருந்தவருக்கு ஆபத்தில்லை. குவாரித் தொழிலாளியின் குடிசையில் மூன்று குழந்தைகள் இருந்தன.

இன்னொரு காட்சியும் நம் தமிழ்நாட்டார் கண்முன்னே நடந்தது. 2011 மார்ச் 20, சென்னைச் சேப்பாக்கம் மைதானம். மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக யுவராஜ் சிங் 113 ஓட்டங்கள் எடுத்தார். இடையில் இருமினார், மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். தொலைக்காட்சி அதையும் காட்டியது. சென்னை வெயில் என்று நினைத்துக்கொண்டு பார்த்தோம். பிறகு பந்துவீசி இரண்டு விக்கெட்டும் எடுத்தார். அத்தொடரில் 362 ஓட்டங்கள், 15 விக்கெட்டுகள். தொடர் நாயகன் விருது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில்தான் அவர் மார்பில் இரு நுரையீரல்களுக்கும் நடுவே புற்றுநோய்க்கட்டி என்றும், அமெரிக்காவில் சிகிச்சை பெறுகிறார் என்றும் நாடு அறிந்தது. 2012 செப்டம்பரில் மீண்டும் ஆட வந்தபோது அதே சேப்பாக்கத்தில்தான் இறங்கினார். எழுந்து நின்று வரவேற்றார்கள். அந்த வரவேற்பில் குற்றமில்லை. ஆனால் இன்றும் நம் பள்ளி ஆண்டு விழாக்களில் "இரத்தம் கக்கியும் ஆடினான்" என்று முழங்குகிறோமே, அதில்தான் குற்றம். அந்த மனிதரே பின்னர் 'யூ வீ கேன்' என்ற அறக்கட்டளை தொடங்கி, அறிகுறி தெரிந்தவுடன் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றுதான் நாடெங்கும் சொல்லிவருகிறார். 'என்னைப் போல் தள்ளிப்போடாதீர்கள்' என்பவரிடம் 'உம்மைப் போல் யாருண்டு' என்று பதில் சொல்கிறோம்.

நம் மக்களில் கற்றறிந்தோர் இங்கே ஒரு மறுப்பை எழுப்புவர். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் பார்க்கின்சன் நோயோடு எத்தனை ஆண்டுகள் பணியாற்றினார்! அது வீரமில்லையா? இக்கேள்வியை எதிர்கொள்ளாமல் போவது நேர்மையாகாது. ஆனால் நினைத்துப் பாருங்கள். நடுங்கும் கையை அவர் மறைக்கவில்லை. 2005ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று சாளரத்தருகே வந்து நின்று, பேச முயன்று, குரல் எழாமல், கையால் மட்டும் ஆசி அளித்தார். உலகம் முழுதும் அதைத் தொலைக்காட்சியில் பார்த்து அழுதது. அவர் காட்டியது பலவீனம். முடியவில்லை என்பதை முடியவில்லை என்றே காட்டினார். வலிக்காதது போல் நடிப்பதற்கும் இதற்கும் இடையே கடல் தூரம் இருக்கிறது. மேலும், அவரை யாரும் நாட்கூலி வெட்டுவதாக மிரட்டவில்லை.

எங்கள் செஞ்சியைச் சேர்ந்த திருநாதர் குன்றிலும் துன்பம் தாங்கிய ஒருவரின் சாட்சியம் இருக்கிறது. பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்கள். அருகே, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவைச் சொல்லும் பழந்தமிழ்க் கல்வெட்டு. தமிழெழுத்து வரலாற்றை ஆராய்வோர் தேடிவரும் கல் அது. சமண அன்பர்களின் அந்நோன்பு பற்றி நம் திருச்சபையின் நிலைப்பாடு வேறு. ஆயினும் அக்கல்லின் முன் நிற்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். அவர் தாமே தேர்ந்த நோன்பு, ஆசிரியரும் அடியாரும் அறிய நோற்ற நோன்பு. தாங்கியதைப் போற்ற ஒரு மரபுக்கு உரிமை உண்டென்றால் அது இப்படித் தேர்ந்தெடுத்ததைப் போற்றுவதாகும். முன்பணம் கழிக்கக் கல் உடைத்தவரின் இருமல் நோன்பாகாது.

ஆள்வோரின் நோய் வேறு கணக்கு. 1984இல் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபோது, அவர் உண்பதையும் சிரிப்பதையும் படம்பிடித்து இங்கே திரையரங்குகளில் காட்டித் தேர்தலைச் சந்தித்தார்கள். 2016இல் ஜெயலலிதா 75 நாள் மருத்துவமனையில் இருந்தபோது ஒரு படமும் வரவில்லை. இறுதியில் விசாரணை ஆணையம் அமைக்க வேண்டியதாயிற்று. கோப்பில் கையெழுத்திடும் கைக்கு வலிமை உண்டா என்று அறிய மக்களுக்கு உரிமை உண்டு. கிரிக்கெட் வருணனை செய்பவரிடமும் கல் உடைப்பவரிடமும் அந்த உரிமை நமக்கில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், மறைத்ததைப் புகழாதே என்றால் 'அப்படியானால் ஊரறியச் சொல்லட்டும்' என்று மறுகோடிக்குத் தாவுவது நம் இயல்பு. அந்தக் கோடியிலும் நான் நின்று பார்த்தவன்.

மீண்டும் அந்த 2015 பிப்ரவரி ஞாயிற்றுக்கு வருகிறேன். திருவழிபாட்டு ஏட்டைப் புரட்டினால் தெரியும்: அன்றைய முதல் வாசகம் லேவியர் நூல் 13ஆம் அதிகாரம். தொழுநோயாளி கிழிந்த உடையோடு, தன்னைத் தீட்டு என்று தானே உரக்கக் கத்திக்கொண்டு, பாளையத்துக்கு வெளியே வாழ வேண்டும் என்ற சட்டம். நற்செய்தி மாற்கு முதல் அதிகாரத்தின் இறுதிப் பகுதி. இயேசு அத்தகைய ஒருவரைத் தொட்டுக் குணமாக்கி, யாருக்கும் சொல்ல வேண்டாம், குருவிடம் மட்டும் போய்க் காட்டு என்று கண்டிப்பாகக் கூறி அனுப்புகிறார். நோயாளி தன் நோயைத் தானே ஊருக்குக் கூவ வேண்டும் என்றது சட்டம். ஆண்டவர் அந்தக் கூவலை நிறுத்தினார். மறையுரையில் இதை நன்றாகவே விளக்கினேன் என்று நினைவு. காலியான பின்வரிசைகளுக்கும் சேர்த்து விளக்கினேன்.

மறையுரை முடிந்து விசுவாச அறிக்கை, பின்னர் மன்றாட்டுகள். முதல்நாள் மாலை ஒரு தாய் என்னிடம் வந்து, தமக்குக் காசநோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டதாகவும், மருந்து தொடங்கியிருப்பதாகவும், வேண்டிக்கொள்ளும்படியும் கேட்டிருந்தார். நான் உருக்கத்தோடு அவர் பெயரைச் சொல்லி, நோயின் பெயரையும் சொல்லி, திருப்பீடத்திலிருந்தே மன்றாடினேன். ஒலிபெருக்கி கோயிலுக்கு வெளியேயும் கட்டப்பட்டிருந்தது. மக்கள் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். ஆண்டவர் கேட்டாரோ இல்லையோ, ஊர் கேட்டது. அத்தாயின் மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த வரனின் வீட்டார் அடுத்த வாரம் வருவதாக இருந்தவர்கள் வரவில்லை, பிறகும் வரவில்லை. அண்டை வீட்டார் தண்ணீர்ச் சொம்பு கொடுப்பதை நிறுத்தினார்கள். அத்தாய் எங்கள் கோயிலை விட்டு வேறு ஊர்த் திருப்பலிக்குப் போகத் தொடங்கினார். தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அழவில்லை, கோபிக்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்.

"சாமி, நான் உங்ககிட்டத்தான சொன்னேன்."

லேவியர் நூலின் சட்டத்தை வாசித்து, கண்டித்து, அரைமணி நேரத்துக்குள் அதையே செய்துவிட்டேன். அவர் கூவ மறுத்ததை அவருக்காக நான் ஒலிபெருக்கியில் கூவினேன். மன்றாட்டு என்று அதற்குப் பெயரிட்டேன்.

இவ்விரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், வாசகப் பெருமக்களே. குவாரித் தொழிலாளி ஏன் மறைத்தார் என்று கேட்டோமே, இதனால்தான் மறைத்தார். அந்தத் தாய்க்கு நேர்ந்தது ஊரில் எல்லாருக்கும் தெரியும். சொன்னால் தண்ணீர்ச் சொம்பு போகும், வரன் போகும், கூலி போகும். சொல்லாமல் வேலை செய்தால் வீரன் என்பார்கள். இந்த இரண்டு கதவுகளையும் செய்து பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவர்கள் நாமேயன்றோ? மறைப்பதும் சொல்வதும் நோயுற்றவரின் உரிமை. மறைத்துத் துன்புற்றதைப் புகழ்வதோ, சொன்னதை ஊருக்குப் பரப்புவதோ நம் உரிமையன்று. சொல்ல வேண்டியது மருத்துவரிடம். தனியார் மருத்துவராயினும் காசநோயை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2012 முதல் உண்டு. அரசுக்குத் தெரிவிப்பது வேறு, அயலாருக்குத் தெரிவிப்பது வேறு. வீட்டில் உடனிருப்போரைப் பரிசோதிக்க அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கப்பால் தேநீர்க் கடைக்குத் தெரிய வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை.

தொற்றுமே என்று அஞ்சுவோருக்கு ஒரு செய்தி. இது தமிழ் மண்ணிலிருந்தே உலகுக்குப் போனது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் தேசிய ஆராய்ச்சி நிறுவனமாக நிற்கிறது. நோயாளிகளை ஊருக்கு ஒதுக்குப்புறமான சானடோரியங்களில் அடைத்து வைத்ததே அக்கால வழக்கம். அம்மையத்தார் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், ஒரு பகுதியினரை நெருக்கடியான தங்கள் சொந்த வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். வீட்டாருக்கு அதனால் தொற்று மிகவில்லை. ஒழுங்காக மருந்து உண்டால் சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை பெரிதும் தணிந்துவிடுகிறது. உலகெங்கும் சானடோரியங்களின் கதவுகள் திறந்ததில் சென்னைக் குடிசைகளுக்கும் பங்குண்டு. லேவியரின் பாளையத்துக்கு வெளியே இருந்தவர்களை உள்ளே அழைத்துவந்த அறிவியல் அது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் இன்னும் சொம்பைத் தனியே வைக்கிறோம்.

2023ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 28 லட்சம் பேர் காசநோய்க்கு ஆளானதாகவும், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மருந்து இலவசமாகக் கிடைக்கும் நோயில் மூன்று லட்சம் சாவு! இவர்களில் மருந்து எட்டாதவர்கள் உண்டு, காலம் கடந்து வந்தவர்கள் உண்டு, எங்கள் குவாரித் தொழிலாளியைப் போல் நடுவில் நிறுத்தியவர்களும் உண்டு. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். கல்தூசி உண்ட நுரையீரலுக்கு இந்நோய் எளிதில் வரும். வந்தபின்னும் அதே தூசிக்குள் திரும்பிப் போகச் சொல்வது எத்தகைய நீதி? சிகிச்சைக் காலத்தில் ஊட்ட உணவுக்காக அரசு மாதம் 500 ரூபாய் என்று 2018இல் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. நல்லது. ஆனால் குவாரியில் இழக்கும் கூலிக்கு அது இரண்டு மூன்று நாளுக்குக்கூடக் காணாது.

எனவே மேடையேறும் அன்பர்களுக்கும், வின்சென்ட் தே பவுல் சபையாருக்கும், சொந்தமாய்த் தொழில் நடத்தும் நம் கிறித்தவ முதலாளிகளுக்கும் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் வேலை செய்பவர் நோயோடு வந்து நின்றால் 'பொறுப்பானவன்' என்று தோளில் தட்டாதீர்கள். ஆறு மாதத்துக்குத் தூசியில்லாத வேலை கொடுங்கள், முன்பணத்தைத் தள்ளிவையுங்கள், என்ன நோய் என்று கணக்குப்பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். கிறித்துமஸ் சேலைக்கும் வேட்டிக்கும் நிதி திரட்டும் நாம், பங்கில் ஒரு குடும்பத்துக்கு ஆறு மாதக் கூலியின் பாதியை யாரும் அறியாமல் கொடுக்க முடியாதா? நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு திருவிழாவின் வாணவேடிக்கையைவிடக் குறைவு. (வாணவேடிக்கையை நிறுத்தச் சொன்ன ஆண்டில் எனக்கு வந்த மொட்டைக் கடிதங்களை வேறொரு சமயம் எழுதுவேன்.)

குவாரித் தொழிலாளியை மறுபடி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். சளியைப் பரிசோதித்தார்கள். மருந்துக்கு அடங்காத வகையாகக் கிருமி மாறியிருக்குமோ என்று இரண்டு நாள் நெஞ்சு பதைத்தது. மாறவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆறு மாதம் மருந்து. இந்தமுறை பங்கு மக்கள் மூவர் கூலியைப் பகிர்ந்து கொடுத்தார்கள். யார் யார் என்று எனக்கும் அவர்களுக்கும் தெரியும். இப்போது குவாரி வேலையை விட்டுவிட்டுக் காவல் வேலை பார்க்கிறார். தம்மைப் பற்றி எழுதலாம் என்று சம்மதித்தார், பெயரும் தெருவும் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தத் தாயிடமும் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதுங்க சாமி, ஆனா கோயில்ல வாசிக்காதீங்க" என்றார்.

2015க்குப் பிறகு எங்கள் கோயிலில் நோயாளிகளுக்கான மன்றாட்டில் பெயரும் சொல்வதில்லை, நோயும் சொல்வதில்லை. 'நம்மிடையே நோயுற்றிருக்கும் அனைவருக்காகவும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சென்ற ஞாயிறன்றும் திருப்பலி முடிந்ததும் ஒரு பெரியவர் திருப்பண்டசாலைக்கே வந்துவிட்டார். "யாரு, என்ன நோவுன்னு சொன்னீங்கன்னா இன்னும் நல்லா வேண்டிக்கலாம் சாமி" என்றார். நல்ல மனிதர், ஜெபமாலையைக் கீழே வைக்காதவர். உங்களுக்குத் தெரிந்தவர்களாக நினைத்துக்கொண்டு வேண்டிக்கொள்ளுங்கள் ஐயா என்றேன். மனநிறைவு இல்லாமல்தான் போனார்.